எடைக்கல்லுக்குக் கால் இல்லை

இதைப் பல வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன். பல வருஷமாக நானே முழுசாக நம்பாமலும் இருக்கிறேன். பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதிப் பாதி என் மனைவி ஜெயக்கொடி சொன்னது. நான் பார்த்த பாதியில் சந்தேகமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதிலும் இருக்கிறது.

கதவை இன்னொரு முறை இழுத்துச் சாத்துங்கள். மெதுவாகச் சாத்தினால் அதற்கு உறைக்காது. ஆங், விழுந்துவிட்டது. அடிவாரத்தில், முந்தலில் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நெடுநேரம் நிற்க வேண்டும். நீங்கள் கை காட்டியது நல்லதாகப் போயிற்று. பூப்பாறைவரை எனக்கும் பேச்சுத் துணை. புதுவீடு புகுகிறார்களா? பட்டு வேட்டியைப் பார்த்ததும் அப்படித்தான் நினைத்தேன். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

அந்த முள்ளை ஏன் பார்க்கிறீர்கள்? இப்போது நடுவில்தானே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் ஏறும். ஏறினால் பதறாதீர்கள். அது ஹீட் மீட்டர். இஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்ட வேண்டியது. காட்ட வேண்டியது என்றுதான் சொல்கிறேன். காட்டுகிறது என்று சொல்லவில்லை. என் வேலையில் அந்த இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

எடையளவுத் துறையில் ஆய்வாளர் நான். கடைக்குக் கடை போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டர் குவளையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் குனிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நான்தான், அல்லது என்னைப் போல ஒருவன். மனுஷன் பொய் சொன்னால் எனக்கு அவ்வளவு கோபம் வராது. அவனுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். அளக்கிற கருவி பொய் சொன்னால் தாங்காது. அதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

இந்த வண்டியை வாங்கும்போதே இன்னொருவர் ஓட்டிக் களைத்திருந்தார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அந்தக் கம்பெனியே இந்த மாடலை மறந்துவிட்டது. ஆனால் மலைக்கு இதைப்போல வண்டி கிடையாது. மேலே என் மனைவிக்கு அவள் அப்பா கொடுத்த ஏலத்தோட்டம் கொஞ்சம் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் நானும் அவளும் போடியிலிருந்து இந்த மலை ஏறுவோம். இந்த வாரம் காய் எடுப்பு என்று வியாழக்கிழமையே தம்பியோடு மேலே போய்விட்டாள். இல்லாவிட்டால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவள்தான் இருப்பாள்.

கைப்பிடியை அப்படிப் பிடிக்க வேண்டாம், அது ஏற்கெனவே ஒரு முறை கையோடு வந்திருக்கிறது. ஜெயக்கொடிதான் பிடுங்கினாள். அவளுக்குப் பிடிமானம் இல்லாமல் உட்காரத் தெரியாது.

முதலில் பிரச்சினை எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை, வளைவுகள் தொடங்கிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். "என்னங்க, முள்ளு சிவப்புக்குப் போகுது" என்றாள். பார்த்தேன். உச்சியில் நிற்கிறது. உடனே ஓரம்கட்டிவிட்டேன். கருவி எச்சரித்தால் மதிக்க வேண்டும். அது என் கொள்கை. நிறுத்திய இடத்தில் ஒரு கட்டைச்சுவர், அதன் பக்கத்தில் பேச்சியக்கா என்று ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்தோம். ஆவி வரவில்லை, தண்ணீர் கொதிக்கவில்லை, ஒன்றுமில்லை. திரும்ப ஏறி உட்கார்ந்தால் முள் நல்ல பிள்ளையாக நடுவில் நிற்கிறது.

அடுத்த வாரமும் அதேதான். அதற்கு அடுத்த வாரமும் அதேதான்.

லாரி, லாரி. பார்த்துக்கொண்டேன். ஹாரன் அடித்தால் ஒதுங்குவான். ஒதுங்கிவிட்டான் பாருங்கள். இந்த மலையில் தயங்கினால்தான் ஆபத்து.

போடியில் சிக்கந்தர் பாய் என்று ஒரு மெக்கானிக். கைராசிக்காரர், வாயும் பெரிசு. வண்டியைப் பார்க்காமலேயே, "தெர்மோஸ்டாட் சார், வேற எதுவும் இருக்காது. எங்க வாப்பா காலத்துலேர்ந்து பாக்குறேன்" என்றார். மாற்றினார். சனிக்கிழமை முள் ஏறியது. "அப்ப ரேடியேட்டர்ல சேறு அடைச்சிருக்கும்" என்றார். கழற்றிக் கழுவினார். ஏறியது. "வாட்டர் பம்ப் சார், சத்தமே காட்டிக் குடுக்குதே" என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மாற்றினார். ஏறியது. கடைசியில், "சார், இஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல. மீட்டர் பொய் சொல்லுது" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஊரில் இருக்கிற அளவையெல்லாம் சோதிக்கிறவன் வண்டியில் பொய் மீட்டர்.

நானே இறங்கினேன். ரேடியேட்டர் மேல்பக்கம் துணி சுற்றித் தெர்மாமீட்டரை வைத்துக் கட்டி, முள் சிவப்பில் நிற்கும்போது இறங்கிப் பார்த்தேன். சூடு சரியான அளவில்தான் இருந்தது. ஆக, பாய் சொன்னது உண்மை. இஞ்சினில் ஒரு ஒயர் மாட்டியிருப்பார்கள், அதுதான் சூட்டைக் கொண்டுவந்து மீட்டருக்குச் சொல்வது. பாய் அந்த ஒயரைப் பிடுங்கினார். முள் கீழே விழுந்தது. ஒயர் நுனியை வண்டியின் இரும்பில் தொட வைத்தார். முள் உச்சிக்குப் போனது. "அப்ப மீட்டரும் நல்லாருக்கு சார்" என்றார். இஞ்சினும் நல்லவன், மீட்டரும் நல்லவன். பிறகு யார்தான் பொய் சொல்வது?

வாரநாளில் நான் தனியாக ஏறிப் பார்த்தேன். முள் அசையவில்லை. பாய் தனியாக எடுத்துக்கொண்டு மேலேவரை போய்வந்தார். அசையவில்லை. சனிக்கிழமை ஜெயக்கொடியோடு போனால், பேச்சியக்கா கடைக்கு நேராக ஜம்மென்று ஏறுகிறது.

ஒரு சோதனையில் மாறியது எது என்று பார்க்க வேண்டும். இங்கே மாறியது ஒன்றே ஒன்று. பக்கத்து இருக்கையில் பாரம். பாரம் ஏறினால் எங்கேயோ இரும்பு அழுந்தி ஒயர் உரசுகிறது என்று முடிவு கட்டினேன். தப்பான முடிவு என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு என் வேலை பார்க்கிறவன் எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். எங்களுக்கு எல்லாமே எடைதான்.

வீட்டுக்குப் போய், "ஜெயா, உன் எடை எவ்வளவு?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"ஹீட் மீட்டருக்கு."

கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்னையும் தராசுல ஏத்தி முத்திரை குத்திடலாம்னு பாக்குறீங்களா?"

"சும்மா ஒரு உத்தேசமா சொல்லு."

"உங்களுக்குச் சமையல் வேணுமா, எடை வேணுமா? ஒண்ணு சொல்லுங்க."

சமையல் என்று சொல்லிவிட்டேன். எடையை நானே ஊகித்துக்கொண்டேன், கண்ணால் பார்த்தே எடை சொல்கிற பழக்கம் உண்டு. தெரிந்த மண்டிக்காரர் ஒருவரிடம் அதற்கு ஈடாக இருபது கிலோ இரும்புக் கற்கள் சிலவற்றை இரவல் வாங்கி முன் இருக்கையில் அடுக்கினேன். வளைவில் உருண்டு விழக்கூடாதே என்று சீட் பெல்ட்டும் போட்டுவிட்டேன். முந்தல் செக்போஸ்டில் காவலர் உள்ளே குனிந்து பார்த்தார்.

"என்ன சார் இது?"

"எங்க வீட்டம்மாவுக்குப் பதிலா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் கம்பைத் தூக்கிவிட்டார்.

மேலேவரை போனேன். கற்கள் அசையவில்லை. முள்ளும் அசையவில்லை.

இந்தச் சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. சாப்பாடு போடும்போது ஜெயக்கொடி கேட்டாள்: "கல்லு பேசாம வந்துச்சா?"

"பேசாமத்தான் வந்துச்சு."

"உங்களுக்கு ஏத்த துணைதான். அதையே வச்சுக்குங்க."

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், கதவில் சாயாதீர்கள். என்ன? மெதுவாகவா? மெதுவாகத்தானே போகிறேன். இதைவிட மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவன் திட்டுவான். இறங்க வேண்டும்போல இருக்கிறதா? இதோ, ஐந்து நிமிஷத்தில் மேலே போய்விடலாம். ஏறுகிற வண்டியின் ஓட்டத்தை நடுவில் முறிக்கக்கூடாது. ஜெயக்கொடியும் கல்யாணமான புதிதில் இப்படித்தான். "கொஞ்சம் நிறுத்துங்களேன், கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்பாள். "இதோ மேல போயிடலாம்" என்பேன். போய்விடுவோம். அப்புறம் அவளே கேட்பதை விட்டுவிட்டாள். பழகிவிட்டது.

எங்கே விட்டேன்? கல். சரி.

சிக்கந்தர் பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "சார், நீங்க ஓட்டுங்க. நான் உங்க வீட்டு அக்கா எடத்துல உக்காந்து வர்றேன். இன்னைக்கு அதுவா நானான்னு பாத்துடுறேன்" என்று ஏறிக்கொண்டார். மடியில் டூல் பை. முதல் வளைவில் பேசிக்கொண்டு வந்தார். அடுத்த வளைவில் பேச்சு குறைந்தது. மூணாறு பஸ் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. வளைவில் இடம் கிடைத்தது, தாண்டினேன். "யா அல்லா" என்றார். பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது இருந்திருக்கலாம்.

"சார், நிறுத்துங்க" என்றார்.

"இதோ மேல போய்..."

"சார், மீட்டர் சிவப்பு சார்."

பார்த்தேன். உச்சி. நிறுத்திவிட்டேன்.

பாய் அசையாமல் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு குதிகாலும் முன்னால் இருக்கிற தகட்டில் பலமாக ஊன்றியிருந்தன. முட்டி மடங்காமல் கம்பிபோல விறைத்து நின்றது. மெதுவாக வலது காலை எடுத்தார். முள் இறங்கியது. வைத்தார். ஏறியது. எடுத்தார். இறங்கியது. மனுஷன் முகம் பூவாக மலர்ந்துவிட்டது. காலடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தால், அந்த மீட்டர் ஒயர் அங்கேதான் ஓடுகிறது. ரப்பர் தேய்ந்து செம்பு தெரிகிறது. காலால் அழுத்தினால் செம்பு தகட்டில் படும், முள் உச்சிக்குப் போகும். அவ்வளவுதான்.

"எடைக்கல்லுக்குக் கால் இல்ல சார்" என்றார் பாய். சிரித்து முடிக்க அவருக்கு நேரமாயிற்று. பிறகு மேட்டை என்னிடம் காட்டினார். ரப்பரில் இரண்டு குழி, குதிகால் அளவுக்கு. "அக்கா இத்தனை வருஷமா இந்தப் பக்கம் பிரேக் போட்டுக்கிட்டே வந்திருக்காங்க."

"அவ செருப்பைக் கழட்டிட்டு உக்கார்ற ஆளு" என்றேன்.

"செருப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன சார்? நானும் பிரேக்தான் போட்டேன்."

பாய்க்கு மலைப்பாதை பழக்கமில்லை, அதனால் காலை ஊன்றியிருப்பார். போடியிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். இருந்தாலும் சிலருக்கு உடம்பு அப்படி. நீங்களும் ஊன்றிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். தப்பில்லை, சௌகரியமாக உட்காருங்கள்.

ஒயருக்கு டேப் சுற்றி, இடத்தை மாற்றி உயரத்தில் கட்டினார். தீர்ந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து ஜெயக்கொடியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். ஒயர், செம்பு, தகடு, குதிகால் எல்லாம். கேட்டுக்கொண்டே தன் காலைக் குனிந்து பார்த்தாள். "எனக்கென்னங்க தெரியும்? காலை எங்கயாச்சும் வைக்கணும்ல" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் பல வருஷமாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை முள் நடுவிலேயே நின்றது. பேச்சியக்கா கடையைத் தாண்டி, ஒரே மூச்சில் மலை உச்சி, போடிமெட்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, நிக்காமலே வந்துட்டோம்" என்றேன். "ம்" என்றாள். இறங்கி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். காற்று வாங்குகிறாள் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வாரம், "எனக்கு வண்டியில பெட்ரோல் வாடை கொமட்டுது, நான் வேலையாளுங்க ஜீப்புல வர்றேன்" என்றாள். தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப், பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் எத்தனை பேர் என்று என்னாலேயே எண்ண முடியாது. அதில் டீசல் வாடை, வெற்றிலை வாடை, எல்லாம் உண்டு. அது குமட்டவில்லையாம்.

ஒரு வாரம் சரி. இரண்டு வாரம் சரி. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நான் தனியாக ஏறினேன். முள் தங்கமாக நின்றது. வேளைக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு என்ன குறை? ஆனால் பேச்சியக்கா கடை நெருங்கும்போதெல்லாம் கண் தானாக மீட்டருக்குப் போகும். கொஞ்சம் ஏறக்கூடாதா என்று இருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். வீட்டில் நாங்கள் பேசுவது குறைவு. நான் எதையாவது யோசித்துக்கொண்டிருப்பேன், அவள் வேலையாக இருப்பாள். வண்டியில் பேச்சே கிடையாது. முள் ஏறி நின்றுபோன அந்தச் சனிக்கிழமைகளில்தான், அந்தக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துதான், அவள் பேசுவாள். மகள் வேலையை விட்டுவிட்டு மேலே படிக்க ஆசைப்படுகிறாள் என்று அங்கேதான் சொன்னாள். தனக்கு வலது காது சரியாகக் கேட்பதில்லை என்பதைக்கூட அங்கேதான் சொன்னாள். வலது காது என்றால் வண்டியில் என் பக்கம் இருக்கிற காது. அத்தனை வருஷம் நான் ஓட்டிக்கொண்டே சொன்னதெல்லாம் எங்கே போனது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவரில் மட்டும் எப்போதும் எனக்கு வலது பக்கம் வந்து உட்காருவாள். நல்ல காது என் பக்கம்.

நீங்களே சொல்லுங்கள். மீட்டர் சரியானது, சுவர் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை நான் மட்டும் நிறுத்தினேன். முள் ஏறாமலே நிறுத்தினேன், வெட்கமாகத்தான் இருந்தது. பேச்சியக்கா டீயை நீட்டிக்கொண்டே, "வீட்டம்மா வரலியா? மீட்டர் சரியாயிடுச்சாமே, ஜீப்புல போறப்ப சொன்னாங்க" என்றார். ஏதோ எழவு விசாரிப்பதைப் போலத்தான் கேட்டார். "வீட்டம்மா இல்லாம நீங்க எதுக்குத் தம்பி நின்னீங்க?"

காசை எடுத்து நீட்டினேன். டீயும் அன்றைக்கு நன்றாக இல்லை.

மறுநாள் சிக்கந்தர் பாயிடம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "பாய், அந்த ஒயரைப் பழையபடியே ஆக்க முடியுமா?"

"பழையபடின்னா?"

"டேப்பைப் பிரிச்சு, கீழ இறக்கி, மேட்டுக்கு அடியில."

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "சார், வண்டி கெட்டுப்போச்சுன்னு வருவாங்க. வண்டி நல்லாருக்கு, கெடுத்துக் குடுன்னு ஒருத்தரும் வந்ததில்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"அவ ஜீப்புல போறா, பாய்."

இவ்வளவுதான் சொன்னேன்.  அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. மேட்டைத் தூக்கிக் குனிந்தவர் உள்ளேயிருந்தபடியே, "இதுக்கு இன்னொரு வழியும் இருக்கு சார்" என்றார்.

"என்ன வழி?"

"ஒண்ணுமில்ல சார். இதுவே சுளுவு."

அது என்ன வழி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேபிள் மாற்றுவதாக இருக்கும்.

ஆனால் நான் எவ்வளவு யோசித்தேன் தெரியுமா? தெரிந்தே பொய் அளவு வைத்திருப்பவன்மேல் வழக்குப் போடுகிறவன் நான். பொய் என்று தெரிந்து, பொய்யாகவே இருக்கட்டும் என்று ஆள் வைத்துச் செய்திருக்கிறேன். இதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்டுக்கொண்டேன். யாருக்கும் இல்லை. கடைக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. ஆனாலும் டேப்பைத் திரும்பச் சுற்றச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "மீட்டர் மறுபடியும் கெட்டுப்போச்சு" என்றேன்.

"எந்த மீட்டர்?"

"ஹீட் மீட்டர்தான்."

அரிவாள்மனையில் கை நின்றது. "அப்ப நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் போகணுமா?"

"வேற வழி இல்ல."

"பாய்கிட்டக் குடுத்துச் சரி பண்ணலாம்ல?"

"பாய் இதுக்கு மேல முடியாதுன்னுட்டாரு."

வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள். நறுக்கிக்கொண்டே, "சரி, நாளைக்கு நானும் வர்றேன். ஜீப்புல எடம் கிடைக்கிறதில்ல. நீங்களும் தனியா நடுவழியில நின்னுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

வந்தாள். பேச்சியக்கா கடைக்கு முந்தின வளைவில் முள் ஏறியது. "என்னங்க, முள்ளு" என்றாள். நான் ரொம்பக் கவலையாக முகத்தை வைத்துக்கொண்டு ஓரம்கட்டினேன். பேச்சியக்கா எங்களைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு டீ போட்டார். வடையும் கொடுத்தார்.

அன்றிலிருந்து அப்படியேதான் ஓடுகிறது. ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? சோதிக்கிற புத்தி. அழுத்துவது அவளுக்குத் தெரிந்தா, தெரியாமலா? ஒரு சித்திரையில் பேச்சியக்கா வீரபாண்டித் திருவிழாவுக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். அந்தச் சனிக்கிழமை முள் ஏறவில்லை. அன்றைக்கு மழை, குளிர், அதனால் என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் யோசித்தால், பொய் ஒயருக்கு மழை என்ன, வெயில் என்ன? கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டா ஒரு மீட்டர் ஏறும்? மகள் ஊரிலிருந்து வந்து பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த வாரம், மூன்று இடத்தில் ஏறியது. அந்த வாரம் பேசுவதற்கு நிறைய இருந்திருக்கும்.

ஒரு முறை நேராகவே கேட்டேன். "ஜெயா, நீ தெரிஞ்சுதான அழுத்துற?"

"என்னத்தை?"

"ஒயரை."

"பாயே முடியாதுன்னு விட்ட ஒயரை நான் என்னங்க பண்ண முடியும்?" என்றாள். முகத்தில் ஒன்றுமில்லை. என்னைப்போல முப்பது வருஷம் வியாபாரிகள் முகத்தைப் பார்த்தவனுக்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் 'பாயே' என்பதை அழுத்திச் சொன்னாளோ என்று ஒரு சந்தேகம். பாய் சொல்லியிருப்பாரோ? சொல்லியிருந்தால், நான் டேப்பைப் பிரித்தது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு...

இதோ. ஏறிவிட்டது பாருங்கள். உச்சி. இவ்வளவு சீக்கிரம் ஏறாதே, கடைக்கு இன்னும் ஒரு வளைவு இருக்கிறதே. நீங்கள் வேண்டுமென்றே... இல்லை, கேட்கவில்லை. விருந்தாளியிடம் அப்படிக் கேட்கக்கூடாது. எப்படியிருந்தாலும் முள் சிவப்புக்கு வந்தால் நிறுத்துவதுதான் வழக்கம். பொய் என்று தெரிந்தும் நிறுத்துகிறேன். வளைவு தாண்டியதும் கடை.

வந்துவிட்டோம், இறங்குங்கள். மெதுவாக. முதலில் கொஞ்சம் காலை உதறிக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் இங்கே இறங்கும்போது மரத்துப்போயிருக்கும். அக்கா, ரெண்டு டீ, ஒண்ணுல சீனி குறைச்சு. இப்படிச் சுவரில் உட்காருங்கள், காற்று நன்றாக வரும். இப்போதுதான் உங்கள் முகத்துக்கு நிறம் வருகிறது.

போன சனிக்கிழமை இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். நான் இங்கே, அவள் நீங்கள் இருக்கிற இடத்தில். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே வளைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. இத்தனை வருஷமாக நான் முள்ளைச் சோதித்தேன், ஒயரைச் சோதித்தேன், எடைக்கல் வைத்துச் சோதித்தேன், அவள் முகத்தைச் சோதித்தேன். தெரிந்து அழுத்தினாளா, தெரியாமல் அழுத்தினாளா என்று கேட்டுக் கேட்டு என்ன ஆகப்போகிறது? சோதிக்காமல் விட்டது இன்னும் ஒன்று இருந்தது. அதற்குப் படிக்கல் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. கேட்கப் பயமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டீயைக் குடித்து முடித்து, கிளாஸைச் சுவரில் வைத்துவிட்டு, அவளுடைய நல்ல காதுப் பக்கம் குனிந்து கேட்டேன்.

"ஜெயா, முள்ளு கிடக்கட்டும். நீ வாயைத் திறந்து நிறுத்துங்கன்னு சொல்லியிருந்தா, நான் நிறுத்தியிருப்பேனா?"